இரண்டு வீட்டுச் சாப்பாடு

என் தம்பி பஸ் டிரைவர். ஸ்டியரிங்குக்குப் பின்னால் அவன் உட்கார்ந்தால் வண்டிக்கே ஒரு மரியாதை வரும். ஆனால் வயிறு ஸ்டியரிங்கைத் தொட ஆரம்பித்ததும் கம்பெனி டாக்டர் அவனை இறக்கிவிட்டார். எடை குறைகிறவரை டிப்போவில் உட்கார்ந்து மற்ற டிரைவர்களுக்குச் சாவி எடுத்துக் கொடுக்க வேண்டும். அடுத்த பரிசோதனையிலும் குறையாவிட்டால் கடைசிவரை சாவிதான். தன் கல்யாணத்தில்கூட அழாத பிள்ளை, அன்றைக்கு என் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

குற்றம் யாருடையது என்று எனக்குத் தெரியும். அவன் பெண்டாட்டியுடையது. அவளும் நானும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்வதில்லை. ஏன் என்று சொல்ல ஆரம்பித்தால் இன்றைக்கு முடியாது. தம்பி வேலை முடிந்ததும் முதலில் என் வீட்டுக்கு வருவான், சாப்பிடுவான், பிறகு அவன் வீட்டுக்குப் போவான். அங்கே போய் என்ன செய்கிறான் என்று நான் கேட்டதில்லை. எனக்கெதற்கு ஊர் வம்பு?

அவனை இளைக்க வைக்க நாங்கள் பாடுபடாமல் இல்லை. பஸ்ஸில் ஏறாமல் நடந்து வரச் சொன்னாள் அவள். அவனும் டிப்போவிலிருந்து நேரே என் வீட்டுக்கு நடந்து வந்தான். நடந்து வந்த பிள்ளை களைத்துப்போயிருப்பானே என்று நான் ஒரு கரண்டி கூடுதலாக வைத்தேன். இதில் என்ன தப்பு?

கடைசியில் அவனோடு பஸ்ஸில் வேலை பார்த்த கண்டக்டர், ஆளை அரைத்தூக்கத்தில் ஆழ்த்திப் பேசவைக்கிற ஹிப்னோதெரபி செய்கிற ஒரு டாக்டரம்மாவைப் பற்றிச் சொன்னார். எடைக்கும் மனசுக்கும் சம்பந்தம் உண்டாம். அடியில் கிடப்பதை வெளியே கொண்டுவந்துவிடுவார்களாம். என் தம்பி மனசின் அடியில் வேறென்ன கிடக்கப்போகிறது, அவள் படுத்துகிற பாடுதான். அது டாக்டரம்மா காதில் விழுவதைக் கண்ணாரப் பார்க்கத்தான் நானும் கூடப் போனேன். அவளும் கிளம்பி வந்திருந்தாள். எதைப் பார்க்க வந்தாளோ, யார் கண்டது!

"கூட வந்தவங்க வெளியில இருங்களேன்" என்றார் டாக்டரம்மா.

"அவ உள்ள இருந்தா நானும் இருப்பேன்" என்றேன். அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் அழுந்த உட்கார்ந்தாள்.

"ரெண்டு பேரும் இருக்கட்டும் மேடம். ஒருத்தர அனுப்பினா அப்புறம் நான்தான் பதில் சொல்லணும்" என்றான் தம்பி.

சாய்வு நாற்காலி, இழுத்துவிட்ட திரை, மெதுவாகச் சுற்றும் மின்விசிறி, அவ்வளவுதான். மந்திரமும் இல்லை, மயக்க மருந்தும் இல்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

"நான் சொல்றது எல்லாம் உங்களுக்குக் கேக்கும். பிடிக்கலன்னா எப்ப வேணா கண்ணத் திறந்துக்கலாம்" என்று தணிந்த குரலில் சொன்னார். மூச்சைக் கவனிக்கச் சொன்னார், தோளைத் தளர்த்தச் சொன்னார். என் தம்பியின் முகம் மெல்ல மெல்ல இளகியது.

"இப்ப சாயங்காலம். வேலை முடிஞ்சிருச்சு. பசிக்குதான்னு வயித்தக் கேட்டுப் பாருங்க."

"இல்ல" என்றான்.

"அப்புறம் ஏன் சாப்பிடுறீங்க?"

"அக்கா வீட்டுல வேணாம்னா, 'அவ சாப்பிடக் கூடாதுன்னு சொல்லிட்டாளா'ன்னு அக்கா கேக்கும். வீட்டுக்குப் போய் வேணாம்னா, 'அங்கேயே கொட்டிக்கிட்டாச்சா'ன்னு இவ கேப்பா. சாப்பிட்டுட்டா ரெண்டு பேரும் சும்மா இருப்பாங்க."

"கடைசியா எப்ப நல்லாப் பசிச்சுது?"

"ஞாபகம் இல்ல" என்றான். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"யாரையும் குத்தம் சொல்ல வேணாம். 'வேணாம், பசிக்கல'ன்னு இங்கயே ஒரு தடவை சொல்லிப் பாருங்க. மெதுவா."

பாடம் மறந்த பிள்ளை மாதிரி முனகினான். நான் அவளைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள். எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் நேருக்கு நேர்! இப்போதாவது அவளுக்கு உறைத்திருக்கும் என்று நினைத்தேன். அவள் முகத்தைப் பார்த்தால் அவளும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு அவன் தனியாகவே போய்வந்தான். பஸ் திரும்பக் கிடைத்ததா என்றால், கிடைத்தது. கொஞ்சம் கொஞ்சமாக இளைத்தான், கம்பெனி டாக்டரும் கையெழுத்துப் போட்டார். ஆனால் என்னால் மறக்க முடியாதது, டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டு வந்ததற்கு மறுநாள் சாயங்காலம்தான்.

வந்தான், உட்கார்ந்தான். நான் தட்டை வைத்தேன். டாக்டரம்மா சொன்னதெல்லாம் அவளுக்குத்தானே, எனக்கென்ன? அவன் தட்டையே பார்த்தான். தொண்டையைச் செருமினான்.

"வேணாங்க்கா. பசிக்கல."

எனக்குச் சுருக்கென்றது. "அப்ப எதுக்குடா இங்க வந்த?"

"உன்னப் பாக்கத்தான். எப்பவும் அதுக்குத்தானக்கா வர்றேன்."

கரண்டியும் கையுமாக நின்றேன். என் கைப்பக்குவத்துக்கு மயங்கித்தான் வருகிறான் என்று இத்தனை வருஷமும் இறுமாந்திருந்தேன். அவன் வந்ததிலிருந்து கிளம்புகிறவரை அடுப்புக்கும் தட்டுக்குமாக அலைந்துகொண்டே இருப்பேன். ஒரு நாளாவது அவன் எதிரில் உட்கார்ந்தேனா? பாவி, உட்காரவே இல்லை.

தட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தேன். அழுகையாக வந்தது. கூடப் பிறந்தவனிடம் என்ன பேசுவது என்று தெரியவில்லை.

"எப்படிடா இருக்க?" என்று கேட்டேன்.