ஒரே மைக்கைச் சுற்றி நின்றவர்கள்

1. அண்ணனின் மெல்லிசைக் குழுவில் நான்கு பேர். மைக் ஒன்றுதான்.
2. பாட்டுக்காரருக்குக் கோட்டக்குப்பத்து நண்பர் ஒருவர் துபாயிலிருந்து, கையில் பிடித்துப் பாடும் நீள ஒயர் மைக் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார்.
3. பாண்டிச்சேரிக் கல்யாணங்களுக்கு அவரை மட்டும் கூப்பிட ஆரம்பித்தார்கள்.
4. நோட்டீஸில் குழுவின் பெயர் போய், அவர் பெயர் மட்டும் வந்தது.
5. போன மாதா கோயில் திருவிழாவில் அவரும் அண்ணனும் மறுபடி ஒரே மேடையில் ஏறினார்கள்.

ஐந்தாவதைத்தான் எழுத வேண்டும். அதற்கு முதலாவதை விளக்கியாக வேண்டும்.

மைக் ஒன்றே என்பதால், யார் சத்தம் எவ்வளவு கேட்கும் என்பதை நிற்கும் இடம்தான் தீர்மானித்தது. பாட்டுக்காரர் மைக்குக்கு ஒரு சாண் தள்ளி நிற்பார். அவர் பாடும்போது அக்கார்டியனோடு அண்ணன் பின்னால் போய்விடுவான். பாட்டு நின்று இசை மட்டும் வரும் இடத்தில் அவர் ஒதுங்குவார், அண்ணன் முன்னால் வருவான். தபலாவும் பாங்கோஸ் மேளமும் இரு பக்கமும். பாலிடெக்னிக் முடித்த பிறகு ஆம்ப்ளிஃபயர் என் பொறுப்பானது. உப்புக்காற்றில் பச்சை பூத்துவிடும் மைக் பின்களைத் தேய்த்துத் துடைப்பதும் நான்தான். ஒத்திகையில் அவரவர் இடத்தைச் சுண்ணக்கட்டியால் தரையில் குறித்துக் கொடுப்பேன். மேடையில் அது தேவைப்பட்டதில்லை. பாட்டுக்காரரும் அண்ணனும் ஒருவரையொருவர் பார்க்காமலே இடம் மாறுவார்கள். "ரெண்டு பேரும் ஊஞ்சலாடுறானுங்க" என்று தபலாக்காரர் கிண்டலடிப்பார்.

பாட்டுக்காரர் சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை. கூப்பிடுகிறவர்கள் தன்னை மட்டும் கேட்கிறார்கள் என்று வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுத்தான் போனார். வேறு பாடகரை வைத்துக்கொள்ளலாம் என்று மற்ற இருவரும் கேட்டபோது அண்ணன் ஒப்புக்கொள்ளவில்லை. "அவன் திரும்பி வந்துடுவான்" என்றே சொல்லிக்கொண்டிருந்தான். ஆகவே, திருவிழாவில் பாட ஒத்துக்கொண்ட பாட்டுக்காரர், அண்ணன் அக்கார்டியன் வாசிக்கட்டும் என்று சொல்லியனுப்பியதும், குழு திரும்பிவிட்டது என்றே அவன் நினைத்தான். உப்பு மண்டி வேலை முடிந்து வந்ததும் தினமும் ஒத்திகை பார்த்தான், தனியாக.

அன்று தபலாவுக்கு ஒன்று, அக்கார்டியனுக்கு ஒன்று என்று தனித்தனி மைக் வைத்தேன். பாட்டுக்காரர் தன் மைக்கோடு வந்திருந்தார்.

"நவுராம நில்லுண்ணா. இது உனக்கு மட்டும்" என்றேன். தலையாட்டினான்.

பாட்டு தொடங்கியதும் அண்ணன் பின்னால் போனான். நான் வால்யூமைக் கூட்டினேன், ஸ்பீக்கர் கீச்சிட்டது, குறைத்தேன். இசை மட்டும் வரும் இடம் வந்தது. அண்ணன் முன்னால் வந்தான், ஆனால் தன் மைக்குக்கு அல்ல. பழைய மைக் எப்போதும் நிற்கும் மேடை நடுவுக்கு வந்தான். அங்கே எதுவும் இல்லை. பாட்டுக்காரர் கையில் மைக்கோடு பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கம், மேடை ஓரத்துக்கே போயிருந்தார். ஸ்பீக்கரில் தபலா மட்டும் கேட்டது. கூட்டம் பாட்டுக்காரரையே பார்த்துக்கொண்டிருந்ததால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பாதியில் அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது. அவன் விரல்கள் ஒரு கணம் தயங்கின. ஆனாலும் அங்கேயே நின்று வாசித்து முடித்தான்.

இறங்கியதும் பாட்டுக்காரர் கேட்டார்: "ஏன் மச்சான், உன் மைக்க வுட்டுட்டு நடுவுல வந்து நின்ன? ஒண்ணுமே கேக்கல."

"நீ அங்க இருப்பன்னு வந்தேன்டா."

பாட்டுக்காரர் மைக் ஒயரை மெதுவாகச் சுற்றினார். சுற்றி முடித்த பிறகும் சற்று நேரம் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். அவரைக் கூட்டிப்போக வந்திருந்த பாண்டிச்சேரிக் கார் ஹாரன் அடித்தது. அண்ணனின் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

அன்று ராத்திரி அண்ணன், இனி யாராவது குழுவைக் கேட்டு வந்தால் இல்லையென்று சொல்லிவிடச் சொன்னான்.

இப்போது பாட்டுக்காரர் சென்னையில் இருக்கிறார். பாங்கோஸ்காரர் துபாய்க்குப் போய்விட்டார். தபலாக்காரர் கூப்பிட்ட இடத்துக்குப் போகிறார். அண்ணன் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் வாசிக்கிறான், நாற்காலியில் உட்கார்ந்தபடி. பழைய மைக் என்னிடம் இருக்கிறது. வேலை செய்கிறது.