ஆந்தையா, வௌவாலா?

மாயக்காளுக்கு முப்பத்திரண்டு வயது. எழுமலையில் காலையில் களையெடுத்துவிட்டு, மத்தியான பஸ்ஸில் மதுரைக்கு வந்து அரசுத் தேர்வுக்குப் படிக்கிறவள். பயிற்சி மையம் இலவச வகுப்புக்கு ஒரு தேர்வு வைத்தது. எண்பது மார்க் எடுத்தால் சீட்டு. அவளுக்கு எழுபத்தொன்பது.

விடைத்தாளைப் பார்த்ததும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ‘ஆஸ் பிளைண்ட் ஆஸ் எ...’ என்ற உவமையை நிரப்பும் கேள்விக்கு அவள் ‘பேட்’ என்று எழுதியிருந்தாள். ‘அவுல்’தான் சரியென்று அதை அடித்திருந்தார்கள். நேரே நிர்வாகி ஸ்ரீகுமாரிடம் போனாள்.

“ஆந்தைக்குத்தானம்மா பகல்ல கண்ணு தெரியாது?” என்றார் அவர்.

“அது நம்ம பேச்சு சார். இங்கிலீஷ்காரன் வௌவாலத்தான் சொல்றான். டிக்சனரியப் பாருங்க.”

பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். “ஒங்களுக்கு மட்டும் ஒரு மார்க்கு போட்டுத் தாரேன். வெளிய சொல்லாதீங்க.”

அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது. தப்புச் செய்தது இவர், ஒளித்து மறைத்து வாங்கிக்கொள்ள வேண்டியது நானா?

“எனக்கு எதுக்கு சார் தானம்? சரியா எழுதுன அம்புட்டுப் பேருக்கும் போடுங்க. போர்டுல ஒட்டுற வரைக்கும் நான் போறதா இல்ல” என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

ஐந்து மணிக்குத் திருத்திய பட்டியலை ஒட்டினார்கள். அவளோடு இன்னும் நான்கு பேருக்குச் சீட்டு கிடைத்தது. ஆனால் அந்த மனுசன் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லையே என்று ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் உசிலம்பட்டி வரும்வரை பொருமிக்கொண்டே வந்தாள்.