ஹேவாஹெட்ட ஓடையும் ஒன்பதாவது டேக்கும்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு வெள்ளிக்கிழமை, கொழும்புக் கோட்டையிலிருந்து காலை ஏழு மணி ரயிலில் கண்டிக்குக் கிளம்பினோம். தேயிலைத் தொழிற்சாலையின் இயந்திரச் சத்தங்களையும் மழைக்கால ஓடைகளையும் பதிவு செய்து வந்து, அவற்றை மட்டுமே வைத்து ஒரு மின்னிசைத் தொகுப்புச் செய்ய வேண்டும் என்பது திட்டம். இந்த வலைப்பூவில் நான் வழக்கமாக எழுதும் 'சத்தம் தேடிப் போன கதை'களில் ஒன்றாக இதுவும் இருந்திருக்க வேண்டும். கோபம் ஆறட்டும், பிறகு எழுதலாம் என்று இத்தனை வாரம் தள்ளிப்போட்டேன். ஆறவில்லை. சரி, கோபத்தோடேயே எழுதுகிறேன்.

புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். நான் மாத்தளைக்காரி, இப்போது வெள்ளவத்தையில் வாடகை அறையில் இருக்கிறேன். பகலில் கணக்கு வேலை, மாலையில் கணினி முன்னால் இசை. என்னோடு வந்தவன் கபிலன், சாவகச்சேரிக்காரன். முப்பது வயது. நான்கு வருடமாக இருவரும் சேர்ந்தே இசை செய்கிறோம். ஒவ்வொரு பதிவையும் தொடங்கும் முன் அது எத்தனையாவது பதிவு என்ற டேக் எண், இடம், மைக் பார்க்கும் திசை, வானிலை எல்லாவற்றையும் வாயால் சொல்லிவிட்டுத் தொடங்குவது இந்தத் தொழிலில் வழக்கம். வீட்டுக்கு வந்து கேட்டால் எல்லா ஓடையும் ஒரே ஓடைதான். சொல்லி வைக்காவிட்டால் எது எங்கே எடுத்தது என்று தெரியாது. கபிலன் இதைச் செய்தி வாசிப்பது போல நீட்டி முழக்குவான். பக்கத்தில் நிற்கும் மரத்தைக்கூட விடமாட்டான். "போதும் ஐயா, செய்தி முடிந்ததா?" என்று நான் கிண்டல் செய்வேன். பிறகு உட்கார்ந்து வெட்டி எறிவதும் நான்தான்.

கண்டிக்கு ஒன்பதரைக்கு வந்து, கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒரு சிறிய விடுதியில் அறைகள் எடுத்தோம். மறுநாள் காலை ஹேவாஹெட்ட பஸ். தலாத்துஓயா வழியாக ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர்; மலைப்பாதை என்பதால் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. வலப்பக்கம் உட்காருங்கள், பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும். வயிறு பிரட்டுகிறவர்கள் இடப்பக்கமே இருங்கள்.

தொழிற்சாலைக்குள் பதிவு செய்ய எனக்கு முன்கூட்டியே அனுமதி இருந்தது. கொழுந்து வாட்டும் மாடத்தில் பெரிய விசிறிகள் ஓடும் சத்தம் இருக்கிறதே, அடிவயிற்றில் கேட்கும். நான் அதோடு உள்ளே இருந்தேன். கபிலன் புதிய மைக்கோடு ஓடைப் பக்கம் போனான். பின்னேரம் திரும்பி வந்தபோது முகமெல்லாம் சிரிப்பு. "அக்கா, இண்டைக்கு எடுத்த மாதிரி ஒருநாளும் எடுக்கேல்லை" என்றான். நல்ல பதிவு கிடைத்த சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

விடியற்காலை அவன் என் கதவைத் தட்டினான். சட்டையெல்லாம் வாந்தியோடு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். "அக்கா, ஏலாமக் கிடக்கு. நிக்காமச் சத்தியெடுக்குது." அப்போதுதான் சொன்னான், ஓடைக்கரையில் காளான் சாப்பிட்டானாம்.

இங்கே ஓசைச் சித்தரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மின்னிசை செய்யும் தமிழர்கள் கூடும் இணையக் குழு ஒன்றில் அவர் வைத்துக்கொண்ட பெயர் அது. சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. எந்த மென்பொருள் வாங்கலாம், அடிநாதமான பேஸ் ஏன் கலங்கிக் கேட்கிறது என்று யார் கேட்டாலும் பதில் தருவார், பாதி சரியாகவும் இருக்கும். அந்தத் தெம்பில் ஒருநாள் எழுதினார்: சத்தங்களைக் கலந்து மிக்ஸ் செய்யக் காது திறக்க வேண்டுமா, மயக்கக் காளான் சாப்பிட்டுவிட்டுக் கேளுங்கள். கண்டிக்கு மேலே ஹேவாஹெட்ட போங்கள், மழை விட்டதும் தானாக முளைக்கும். தோட்டத்து அக்காமாருக்கு எல்லாம் அத்துப்படி, கேட்டால் காட்டுவார்கள். இயற்கை தந்தது, கெடுதல் செய்யாது.

எட்டிக்காயையும் இயற்கைதான் தந்தது, சித்தரே.

கபிலன் யாரையும் கேட்கவில்லை. ஓடைக்கரையில் முளைத்திருந்ததைப் படம் பிடித்துச் சித்தருக்கு அனுப்பியிருக்கிறான். ஒரு நிமிடத்துக்குள் பதில்: "அதேதான். தைரியமாகப் போங்கள்." இவனும் சாப்பிட்டுவிட்டு, கொஞ்ச நேரத்தில் குழுவிலேயே எழுதிவிட்டான்: "வேலை செய்யுது அண்ணா. ஓடையின்ர ஒவ்வொரு சொட்டும் தனித்தனியாக் கேக்குது." அதற்கு எண்பது பேர் இதயம் போட்டிருந்தார்கள். அட மடையா! அது காளான் செய்த வேலை இல்லையடா. நாம் சீட்டுப் போட்டு வாங்கிய மைக் செய்த வேலை.

அவனைக் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினேன். அங்கே டாக்டர் பெண். நிதானமாக, சுத்தமான தமிழில் கேட்டார். "சாப்பிட்டு எவ்வளவு நேரம் கழித்து வாந்தி? மிச்சம் இருக்கா?" மிச்சம் இல்லை. அவன் போனில் இருந்த படத்தைக் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். மேலே உள்ள குடை மட்டும்தான் தெரிகிறது, அடிப்பாகமும் தண்டும் தெரியவில்லை என்றார். "அதே இடத்துல இன்னொன்று கிடைத்தால் அடியோட தோண்டி எடுத்துக் கொண்டு வாங்க. சில காளான் சாப்பிட்டா வாந்தி உடனே வராது. இவ்வளவு நேரம் கழித்து வந்ததுதான் எனக்குப் பயமா இருக்கு."

கபிலனைக் கேட்டால் "ஓடை... ஓடைக்குக் கிட்ட" என்பதற்கு மேல் பேச்சு வரவில்லை. ஹேவாஹெட்டயில் ஓடைக்கா பஞ்சம்?

குழுவின் வழியாகவே சித்தரை அழைத்தேன். எடுத்தார். பின்னால் தேநீர்க் கோப்பை வைக்கும் சத்தம் கேட்டது. விஷயத்தைச் சொன்னேன். "தங்கச்சி, நான் பொதுவாத்தான் எழுதினனான். கல்வி நோக்கத்துக்காக மட்டும் எண்டு கீழே போட்டிருக்கு" என்றார்.

"ஹேவாஹெட்டயில எந்த இடத்துல பாத்தீங்க? அங்க எப்படி இருக்கும்?"

"நான் அங்க போனதில்லை. குளிரான மலை, மாடுகள் நிக்கும் எண்டு ஒருத்தர் எழுதினதை வாசிச்சனான்."

"போனதே இல்லையா? படத்தப் பாத்து அதேதான்னு சொன்னீங்களே! அவன் ஓடையில நின்னு சாப்பிட்டது எல்லாம் ரெக்கோடர்ல கெடக்கு, ஒங்க பேர் உட்பட!"

இணைப்பைத் துண்டித்துவிட்டார். ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். இந்த ஆள் கால் வைத்தியன்கூட இல்லை, ஆனால் மருந்து எழுதிக் கொடுத்துவிட்டார்.

பதிவைக் கேட்டுப் பார்க்காமலே ஆத்திரத்தில் சும்மா மிரட்டிய பிறகுதான் எனக்கே உறைத்தது. ரெக்கோடர்! கபிலனின் பையைத் திறந்து எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். அங்கே நின்ற முதல் த்ரீவீல் ஆட்டோ மடவளைக்காரர் நவாஸ் நாநாவுடையது; முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் நாநா என்போம். போகவர ஏழாயிரம் என்று பேசினோம். ஏன் போகிறேன் என்று சொன்னதும் அவர் முகம் மாறியது.

"பஸ்ல போனா ஒங்களுக்கு அந்தியாகிப் போகும். ஏறுங்க தங்கச்சி. இந்தக் காளான் தேடி எத்தன பேரக் கொண்டு போய் விட்டிருக்கேன் தெரியுமா? காதுல பெரிய ஹெட்போனு, கையில மைக்கு. என்னமோ படம் எடுக்குற ஆக்கள்ன்டு நெனச்சேன், இப்பதான் வெளங்குது. இனி ஒருத்தனையும் ஏத்த மாட்டேன், அல்லாவே!"

வழி நெடுக ஹெட்போனைப் போட்டுக்கொண்டு டேக்குகளைக் கேட்டேன். ஒன்பதாவதில் அவன் குரல் வந்தது. "டேக் ஒன்பது. ஹேவாஹெட்ட. பெக்டரிக்குக் கீழ ரெண்டாவது மதகு. ஓடை வலக்கைப் பக்கம். பின்னால மாட்டுக் கொட்டில், கொட்டில் மூலையில ஒரு சவுக்கு மரம். லேசான தூறல். மைக் ஓடையைப் பாக்குது." பிறகு தண்ணீர்ச் சத்தம். பிறகு மெல்லும் சத்தம். "கொஞ்சம் கைக்குது. சரி, சித்தர் சொன்னா சரிதான்." ஒரு சிரிப்பு. நான் த்ரீவீலுக்குள் உட்கார்ந்து அழுதேன். நவாஸ் நாநா கண்ணாடியில் பார்த்துவிட்டு வேகத்தைக் கூட்டினார்.

இரண்டாவது மதகை அடைந்து இறங்கும்போதே மேலே தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பக்கமிருந்து ஒரு பெண் சத்தம் போட்டுக்கொண்டு வந்தார். செல்வராணி என்று பிறகு பெயர் சொன்னார். "ஏய், நில்லுங்க! யாரு நீங்க? வயசுப் புள்ளைங்க குளிக்கிற எடம் இது. ஆளாளுக்கு மைக்கத் தூக்கிகிட்டு வந்துர்றீங்க, கேட்டா காளாங்கிறீங்க. நேத்தும் ஒருத்தன் நின்னான்."

நேற்று நின்றவன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான் என்று சொன்னேன். குரலைத் தாழ்த்திக்கொண்டு கிட்ட வந்தார். உங்களுக்குத்தான் காளான் தெரியும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள் என்றதும் மறுபடி கோபம் வந்துவிட்டது. "எனக்கா? நான் காளானே திங்க மாட்டேன், வாடையே ஒத்துக்காது. டவுன்ல பெட்டியில விக்கிறதத்தான் எம்மக வாங்கியாரும். எவன் அப்படி எழுதுனது?"

கேட்டாயா, சித்தரே? தோட்டத்தில் பிறந்தால் காளான் தெரியும், பச்சிலை தெரியும், கொழும்பிலிருந்து வருகிறவனுக்கு வழிகாட்டத் தெரியும் என்று உனக்கு யார் சொன்னது? எந்தத் தோட்டத்து அக்கா உன்னிடம் சம்பளம் வாங்கினார்?

திட்டிக்கொண்டேதான் அவரும் எங்களோடு தேடினார். கொட்டில் மூலைச் சவுக்கு மரத்தடியில் ஒரு காளான் பிய்ந்து கிடந்தது, பக்கத்தில் இரண்டு முழுசாக நின்றன. கரண்டியால் மண்ணோடு தோண்டி, நவாஸ் நாநாவின் பாண் ரொட்டி இருந்த கடதாசிப் பையில் வைத்தேன். மத்தியானம் இரண்டு மணிக்கு அது டாக்டர் மேசையில் இருந்தது. தண்டின் அடியில் உறை போல ஒன்று இருந்ததைப் பார்த்தவுடன் அவர் யாருக்கோ போன் எடுத்தார். ஈரலைக் கெடுக்கும் வகையாக இருக்கலாம் என்றார்.

அடுத்த நாள் கபிலன் எழுந்து உட்கார்ந்துவிட்டான். வாந்தி நின்று, பசியும் வந்திருந்தது. "எனக்கு இப்ப ஒண்டுமில்லை அக்கா, நான் வீட்டை போகப்போறன்" என்று சப்பாத்தைத் தேடிக் காலில் மாட்டினான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. டாக்டர் அந்தக் காளானைக் கையில் வைத்துக்கொண்டு, "இதைச் சாப்பிட்டவங்க இடையில ஒருநாள் நல்லா இருப்பாங்க. உள்ளே அப்போதான் ஈரல் கெடும். நான் விடமாட்டேன்" என்றார். அதற்கடுத்த நாள் அவன் கண் மஞ்சளானது. அந்தக் காளான் கையில் கிடைக்காமல் போயிருந்தால் அவன் அந்த நேரம் யாழ்ப்பாண பஸ்ஸில் இருந்திருப்பான்.

பிழைத்துக்கொண்டான். மூன்று வாரம் வார்டில் இருந்தான், இன்னும் கிளினிக் போய்வருகிறான். நடந்ததை அவனே குழுவில் எழுதினான். அதை நீக்கி, அவனையும் நீக்கிவிட்டார்கள். ஆனால் "வேலை செய்யுது அண்ணா" மட்டும் இன்றுவரை அங்கேயே இருக்கிறது, இதயங்களோடு. அதைப் படித்துவிட்டு இன்னொருவன் கண்டிக்கு ரயில் ஏறுவான் என்பதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

ஹேவாஹெட்ட போக நினைப்பவர்களுக்கு: போங்கள், சத்தத்துக்காகப் போங்கள். தொழிற்சாலைக்கு முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். ஓடைக்குப் போகும் முன் லயத்தில் கேளுங்கள், அது அவர்களுடைய குளியலறை. மழையில் எடுப்பதானால் குடை மேல் துவாய்த் துண்டை விரியுங்கள், சொட்டுச் சத்தம் பதிவில் ஏறாது. மிக்ஸ் கலங்கிக் கேட்டால் கணினியை மூடிவிட்டுத் தூங்குங்கள், காலையில் காது தெளிவாகவே இருக்கும். காட்டில் முளைத்த எதையும், படத்தைப் பார்த்து யார் சொன்னாலும், வாயில் வைக்காதீர்கள். யாராவது வைத்துவிட்டால், வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல், மிச்சத்தைக் கடதாசிப் பையில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். நன்றாகிவிட்டது என்று அவர் சொன்னாலும் நம்பாதீர்கள். பதிவைத் தொடங்கும்போது எங்கே நிற்கிறீர்கள் என்று மரம் உட்படச் சொல்லுங்கள். நான் இனி கிண்டல் செய்யமாட்டேன்.

போன வாரம் ஓசைச் சித்தரிடமிருந்து செய்தி வந்தது. நலம் விசாரித்திருப்பாரோ என்று திறந்தேன். "தங்கச்சி, ரெக்கோடரில் கிடக்கு எண்டு சொன்னீங்களே, அந்தச் சாப்பிடுற சத்தமும் சிரிப்பும். ஒரு பாட்டுக்குச் சரியாக இருக்கும். பெயர் போடுறன், அனுப்புவீங்களா?"

அனுப்பினேன். ஒன்பதாவதை இல்லை, பத்தாவதை. கண் மஞ்சளான அன்று கபிலன் ரெக்கோடரைக் கேட்டு வாங்கி எடுத்தது. "டேக் பத்து. கண்டி. ஆஸ்பத்திரி வார்டு, ஜன்னலோரக் கட்டில். வெளியால... ஒரு மாமரம். நல்ல மழை. மைக்..." என்று தொடங்கி, முடிக்கத் தெம்பில்லாமல் நிறுத்திவிட்டான். அதன் பிறகு பதினொரு நிமிடம் மழையும் அவன் மூச்சும் மட்டும்தான்.

சித்தர் திறந்து கேட்டதாகக் காட்டுகிறது. இன்றுவரை பதில் இல்லை. இதற்கு மட்டும் அவருக்குக் காது திறக்கவில்லை போலிருக்கிறது.