அப்பா சொன்னதற்கு லிங்க் இல்லை

சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலையை விட்டுவிட்டு வடலூர் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். மழைக்கு ஒரு ஜெராக்ஸ் கடையில் ஒதுங்கினேன். ஒரு மாணவியின் புராஜெக்டில் காப்பியடித்த வரிகளை, அதைச் சோதிக்கும் ஓர் இணையதளம் கடைக் கணினியில் சிவப்பாகக் காட்டியது. இப்படியே கொடுத்தால் கல்லூரியில் வாங்க மாட்டார்கள்.

"வார்த்தைய மாத்திடட்டுமாக்கா?" என்றாள்.

"மாத்துனா உன்னுதாயிடுமா? எங்கேந்து எடுத்தியோ அத எழுதும்மா," என்ற கடைக்கார அக்கா, ஒவ்வொரு வரியும் வந்த இடத்தைத் தேடிக் கொடுத்தார்.

சுரங்கத் தண்ணீரைப் பற்றி ஒரு பத்தி மிஞ்சியது.

"இது எங்கப்பா சொன்னதுக்கா. மைன்ஸ்ல கான்ட்ராக்ட். லிங்க் இல்லையே, எடுத்துடறேன்."

"ஏன் எடுக்கற? நேர்காணல்னு அப்பா பேரப் போடு."

புராஜெக்டின் கடைசிப் பக்க மேற்கோள் பட்டியலில், பேராசிரியர்களின் பெயர்களுக்கு நடுவே அவள் அப்பா பெயரும் ஏறியது. அவள் அதைப் படமெடுத்து அப்பாவுக்கு அனுப்பினாள். சுரங்கத்தில் எங்கள் மேஸ்திரி என்னை நம்பர் சொல்லித்தான் கூப்பிடுவார்.

மறுநாள் காலை அக்காவிடம் கேட்டு அந்தக் கடையிலேயே பைண்டிங் வேலைக்குச் சேர்ந்தேன். முதலில் தைத்தது அவள் புராஜெக்டைத்தான்.