முகத்துக்கு ஒதுக்கிய ஆறு மாதம்

ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்தில் முந்திரிக் கொட்டை உடைக்கும் கொட்டகையில் வேலை பார்க்கிற பானுப்ரியாவுக்கு முப்பத்து நாலு வயதில் முகம் நிறையப் பரு. பள்ளிக்கூடத்துக் காலத்தில் ஒன்றுகூட வந்ததில்லை. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து, கொட்டகைக்குப் போக ஆரம்பித்த பிறகுதான் இந்த அவஸ்தை. நெற்றியில் பொடிப்பொடியாக இருப்பது போதாதென்று தாடையோரம் கட்டி கட்டியாகக் கிளம்பும். பழுத்து அடங்கும்வரை அந்தப் பக்கக் கன்னத்தைத் தலையணையில் வைக்க முடியாது. அடங்கினாலும் ஒரு குழியை விட்டுவிட்டுத்தான் போகும்.

"நமக்கெல்லாம் பேரப்புள்ள வந்தாச்சு. இவ இன்னும் பத்தாவது படிக்கிற பொண்ணு மாதிரியே இருக்கா" என்பாள், எதிரே உட்கார்ந்து கொட்டை உடைக்கிற வீராயி. எல்லோரும் சிரிப்பார்கள். பானுவும் சிரிப்பாள். சிரித்தால் தாடை வலிக்கும்.

மாமியார் மலர்கொடிக்கு எல்லாமே சூடுதான். கோழிக்கறியை நிறுத்தினாள், மாம்பழத்தை நிறுத்தினாள், வேப்பிலையை அரைத்துக் கையில் கொடுத்தாள். அக்கறைதான், இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் கல்யாணமாகி நாலு வருடமாகியும் பிள்ளை இல்லாத வீடு அது. சூடு குறைந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவள் சொல்லும்போது, அந்த எல்லாவற்றிலும் பரு கடைசிதான் என்பது பானுவுக்குத் தெரியும். பானுவும் புருஷனும் ஆஸ்பத்திரியில் டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிட்டார்கள். குறை ஒன்றும் இல்லை, முயற்சி செய்யுங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

அரியலூரில் தோல் டாக்டர் நர்மதாவிடம் போனது கட்டி வலி பொறுக்காமல். முகத்துக்கு என்ன போடுகிறீர்கள் என்று டாக்டர் கேட்டார். ஒன்றும் போடுவதில்லை என்றாள் பானு. பவுடர்கூடப் போடுவதில்லை. அது சத்தியம் என்றுதான் அவளே நம்பினாள்.

டாக்டர் அவள் விரலிடுக்கில் இருந்த கறுப்பைப் பார்த்து வேலையைப் பற்றி விசாரித்தார். முந்திரி ஓட்டில் இருக்கிற பால் பட்டால் தோல் வெந்து உரியும். அதற்காக உட்காருவதற்கு முன்னால் கையில் விளக்கெண்ணெய் பூசிச் சாம்பலில் தோய்த்துக்கொள்வார்கள். உடைக்கும்போது முகத்தில் தெறிக்கும் என்று, வந்த முதல் நாளே வீராயி அவள் முகத்துக்கும் சேர்த்துப் பூசிவிட்டிருந்தாள். அன்றிலிருந்து தினமும் காலையில் பூசி, சாயங்காலம்தான் கழுவுவாள்.

"இதத்தானேம்மா நான் கேட்டேன்?"

"அது வேலைக்குங்க. முகத்துக்குப் போடுறதில்லைங்களே" என்றாள் பானு.

டாக்டர் சிரிக்கவில்லை. கைக்குப் பூசுங்கள், முகத்துக்கு வேண்டாம், துணி கட்டிக்கொள்ளுங்கள் என்றார். பிள்ளை உண்டானாலும் ஆபத்தில்லாத ஒரு களிம்பு எழுதிக்கொடுத்தார்.

பானு பழைய தாவணியைக் கிழித்துக் கண் மட்டும் தெரியக் கட்டிக்கொண்டாள். வெயில் காலத்தில் மூச்சு முட்டியது. கொள்ளைக்காரி வந்துவிட்டாள் என்று வீராயி தினமும் வரவேற்றாள். ஆனாலும் நெற்றி சுத்தமாயிற்று. மலர்கொடி அதை வேப்பிலையின் கணக்கில் எழுதிக்கொண்டாள். தாடைதான் மாறவில்லை. மாதவிலக்குக்கு முன்னால் கட்டிகள் தவறாமல் வந்தன, குழிகள் கூடின.

மறுபடி போனபோது டாக்டர் மறைக்காமல் சொன்னார். எண்ணெயால் வந்தது எண்ணெயோடு போய்விட்டது. இது உள்ளிருந்து வருவது, துணி கட்டியோ சாப்பாட்டை மாற்றியோ முழுசாகப் போகாது. மாத்திரை இருக்கிறது. ஆறு மாதம் சாப்பிட வேண்டும். உதடு வெடிக்கும், மாதாமாதம் ரத்தம் டெஸ்ட் பண்ண வேண்டும். முக்கியமானது, சாப்பிடுகிற காலத்திலும் நிறுத்தி ஒரு மாதம் வரையிலும் கர்ப்பம் கூடவே கூடாது. தங்கினால் குழந்தைக்குப் பெரிய ஊனம் வரலாம். வேண்டாமென்றால் களிம்பையே தொடரலாம், வலியும் தழும்பும் ஓரளவு இருக்கும். அவசரமில்லை, வீட்டில் பேசிவிட்டு வாருங்கள் என்றார்.

புருஷன் ராஜேஷ் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவன். நல்லவன். சாப்பிட்டுக்கொண்டே கேட்டுவிட்டு, ஆறுதலாகச் சொல்வதாக நினைத்துச் சொன்னான்.

"விடு பானு. உன் மூஞ்சி எனக்குப் பழகிடுச்சு."

"உங்களுக்குப் பழகிடுச்சுங்க. எனக்குப் பழகல."

அவன் கை தட்டில் நின்றது. வலியைப் பற்றி அவள் அவனிடம் அதிகம் சொன்னதில்லை என்பது அப்போதுதான் இருவருக்கும் தெரிந்தது. அவனுடைய விரலைப் பிடித்துத் தாடையில் வைத்தாள். தோலுக்கடியில் கோலிக்குண்டு மாதிரி உருண்டதை அவன் தொட்டுப் பார்த்தான். மாத்திரையைச் சாப்பிடு, ஆறு மாதம் நானும் ஜாக்கிரதையாக இருந்துகொள்கிறேன் என்றான்.

மலர்கொடியிடம் பானுவே சொன்னாள். முப்பத்து நாலில் ஆறு மாதம் என்பது சின்ன விஷயம் இல்லை என்று அந்த அம்மாளுக்குத் தெரியும், பானுவுக்கும் தெரியும். மாமியார் கீரையை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"ஊருல கேட்டா நான் என்னத்தச் சொல்றது?"

"வைத்தியம் நடக்குதுன்னு சொல்லுங்க அத்தை."

"பருவுக்குன்னா சொல்ல முடியும்?"

"எதுக்குன்னு யாரும் கேக்க மாட்டாங்க."

மலர்கொடி நிமிர்ந்து பார்த்தாள். சம்மதம் என்று சொல்லவில்லை. கீரைக் காம்பைத் திரட்டி எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். இரண்டு நாள் கழித்து, தெருக்குழாயில் யாரோ கேட்டதற்கு வைத்தியம் நடக்கிறது என்று அவள் பதில் சொல்வது வீட்டுக்குள் கேட்டது.

மாத்திரை தொடங்குமுன் கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். டாக்டர் கொடுத்த சோதனைக் குச்சியை எடுத்துக்கொண்டு பானு ஆஸ்பத்திரிக் கழிவறைக்குள் போனாள். நாலு வருடத்தில் எத்தனையோ முறை செய்ததுதான். ஒவ்வொரு முறையும் இரண்டாவது கோடு வராதா என்று வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பாள்.

ஒரு கோடுதான் விழுந்தது. அவள் சாய்த்துப் பார்க்கவில்லை. மனசுக்குள் ஏதோ இறங்கி லேசானது. அப்படி லேசானதற்குக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு, குச்சியைக் காட்ட டாக்டர் அறைக்குப் போனாள்.