தறி முழுங்கிய மிதி

"நெசவாளரின் கால் பிழை" என்று அந்த அறிக்கையில் எழுதியவன் நான்தான். நினைத்தால் இன்றும் என் மீதே ஆத்திரம் வருகிறது.

கைத்தறியின் மேல் பூட்டி, சேலையில் டிசைன் விழ நூல்களைத் தூக்கிக் கொடுக்கும் எலக்ட்ரானிக் ஜக்கார்டுக்கு மென்பொருள் எழுதுவது என் வேலை. நெசவாளர் காலடியில் இருக்கும் மிதியை ஒருமுறை மிதித்தால் டிசைனில் ஒரு வரி நகர வேண்டும். ஆரணியில் ஒரு தறியில் மட்டும் அது அவ்வப்போது நகராமல் நின்றது. முந்தானையில் யானையின் தும்பிக்கை கோணலாக விழுந்தது.

நெய்த அம்மா முதல் நாளே சொன்னார். "நான் மிதிச்சிகினுதான் சார் இருக்கேன். தறிதான் நடுவுல ஒண்ண முழுங்கிடுது."

முழுங்குகிறதாம். எனக்குச் சிரிப்பு வந்தது. நானே உட்கார்ந்து மிதித்துப் பார்த்தேன், ஒன்றும் பிசகவில்லை. கொஞ்சமும் கூசாமல் பழியை அவர் காலில் போட்டுவிட்டு வந்தேன். அறிக்கையைப் படித்த தறி முதலாளி, தறியில் ஏற்றியிருக்கும் பாவு நூல் நெய்து முடிந்ததும் தறியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டார்.

அந்த அம்மா எனக்கே போன் செய்தார். "வந்து என் காலைப் பாருங்க சார். உங்க காலைப் பாத்துட்டுப் போயிட்டீங்க."

போனேன். அவர் நெய்யும்போது காலையே பார்த்தேன். அன்று நான் மிதியை அழுத்தி, நிதானமாக விட்டிருந்தேன். அவரோ தொட்டதும் எடுத்துவிடுவார். மிதித்ததற்கு ஒன்று, விட்டதற்கு ஒன்று என்று மிதியின் கம்பி வந்து சேரும் சீரியல் போர்ட்டுக்கு இரண்டு சிக்னல் வரும். இரண்டும் ஒட்டிக்கொண்டு வந்தால், இரண்டாவதற்கு இன்டரப்ட் எழுப்ப, அதாவது சிக்னல் வந்திருக்கிறது என்று மென்பொருளைக் கூப்பிட, எங்கள் சிப் சில சமயம் மறந்துவிடுகிறது. கால் இன்னும் மிதியில்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அந்தச் சிக்னலைப் படிக்கும் டிரைவர் மென்பொருள் அடுத்த மிதியைக் கண்டுகொள்ளாது. கை தேர்ந்தவருக்குத்தான் இந்தத் தண்டனை. என்னைப் போன்ற கற்றுக்குட்டி மிதித்தால் எல்லாம் ஒழுங்காக ஓடும்.

சிப்பை மாற்ற வழியில்லை. இன்டரப்டை நம்பாமல், சில மில்லிசெகண்டுக்கு ஒருமுறை டிரைவரே போய் போர்ட்டைப் பார்க்கும்படி எழுதினேன். நிரலில் மொத்தம் பதினொரு வரி. அந்த அம்மா இரண்டு நாள் நெய்தார், ஒரு இடத்திலும் பிசகவில்லை.

எங்கள் அலுவலகமோ இப்படி ஒரு குறிப்பை வெளியிட்டது: "நெசவாளர் தவறுகளைச் சரிசெய்யும் புதிய வசதி."

முதலாளியும் அதையே பிடித்துக்கொண்டார். "இனிமே நீ தப்பு பண்ணாலும் மிஷினே பாத்துக்கும்மா. தறி உன்கிட்டயே இருக்கட்டும்."

அந்த அம்மா தறியை விட்டு எழுந்தார். "தறி அப்புறம் இருக்கட்டுங்க. தப்பு யாருதுன்னு சார் எழுதிக் குடுக்கட்டும்."

மேலதிகாரியைக் கேட்காமல் எழுதக் கூடாதுதான். எவன் கேட்கப் போகிறான் என்று அங்கேயே எழுதினேன்: பிழை எங்கள் இயந்திரத்தினுடையது, எங்களுக்குத் தெரியாமல் நடந்துவிட்டது.

வாங்கி நிதானமாகப் படித்தார். ஒரு சொல்லில் விரலை வைத்து என்னிடமே நீட்டினார்.

"'தெரியாமல்'னு போட்டுகீறீங்க. நான்தான் சொன்னேனே. அதை மட்டும் அடிச்சிடுங்க."

அடித்தேன்.