குறுக்கே ஒரு நிரை, நெடுக்கே ஒரு நிர

கண்ணுகளா, நேற்று நீங்கள் இரண்டு பேரும் என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். சிரித்தது தப்பில்லை. ஆனால் எதற்குச் சிரித்தோம் என்பது உங்களுக்கே முழுசாகத் தெரியாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மூத்தவளே, நீ சமையல் மேடையில் சர்க்கரை டப்பாமேல் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு லீனியர் ஆல்ஜீப்ரா கேட்டுக்கொண்டிருந்தாய். கோயமுத்தூர்க் கல்லூரியில் ஐந்து யூனிட்டை மூன்றே வாரத்தில் முடித்துவிட்டார்களாம். விளங்காததை வீடியோவில் பிடிக்கலாமென்றால், அதையும் இரட்டை வேகத்தில் ஓட விட்டிருந்தாய். அந்த வாத்தியார் காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டவர் மாதிரி "ரோ, காலம், ரோ, காலம்" என்று ஓடிக்கொண்டிருந்தார். நான் டீயை ஆற்றிக்கொண்டே, "எனக்கும் இப்படித்தான் கண்ணு ஓட்டுனாங்க" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

"ஏனுங்ப்பா, இது நீங்க ஃபெயிலான பேப்பருதானுங்க?" என்றாய் நீ. சின்னவன் சும்மா இருப்பானா? "அப்பாவுக்கு அதுக்கப்பறம் மாடுதான் ஆல்ஜீப்ரா" என்றான். உங்கம்மா முதுகைக் காட்டிக்கொண்டு சிரித்தாள். முதுகு குலுங்கினால் எனக்குத் தெரியாதா?

ஃபெயில்தான். இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கணக்குத் தெரியாமல் ஃபெயிலாகவில்லை. ஒரு சொல்லில் விழுந்தேன்.

நமக்கு வீடு கேரளத்தில், மீனாட்சிபுரத்தில். பள்ளிக்கூடம் எனக்குச் செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில். சைக்கிளில் மாநிலம் விட்டு மாநிலம் போய்ப் படித்தவன் நான். பன்னிரண்டாவது கணக்குப் புத்தகத்தில் முதல் பாடமே அணிகள்தான். எண்களைக் கட்டம் கட்டி நிறுத்தினால் அணி. குறுக்கே போகிற வரிசை நிரை, உன் வாத்தியாரின் ரோ. மேலிருந்து கீழே இறங்குகிற வரிசை நிரல், அவருடைய காலம். எனக்கு அதில் குழப்பமே வந்ததில்லை. நம் கட்டுத்தரையில் மாடுகள் குறுக்கே ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாகத்தானே நிற்கின்றன? மாட்டுக் கூட்டத்துக்கும் நிரை என்றுதானே பேர்? பரீட்சையில் மாடுகளை நினைத்துக்கொண்டால் போதும், நிரை தானாக வந்துவிடும். கணக்கில் நூற்றுக்கு எண்பத்தெட்டு வாங்கினேன். இதை மட்டும் ஏன் எவனும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை என்று தெரியவில்லை.

அப்புறம் பி.எஸ்சி. கணக்குக்குப் பாலக்காட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் சேர்ந்தேன். விடியலில் பால் கறந்து, சொசைட்டியில் ஊற்றிவிட்டு, நல்லேப்பிள்ளி வழியாகப் போகும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போவேன். சட்டை துவைத்ததுதான். ஆனால் நோட்டில் பால் வாசம் போகாது. வெயில் ஏற ஏற அது புளித்த வாசமாகிவிடும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஸாஜன் ஒருவன்தான் அதற்கு மூக்கைச் சுளிக்காதவன். அவன் வீட்டிலும் எருமை இருந்தது.

முதல் நாள் ஒவ்வொருவராக எழுந்து வீட்டைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள். நானும் எழுந்தேன். எனக்குத் தெரிந்த மலையாளத்தில், பெருமையாக, "ஞங்ஙளுடெ பட்டியில் எட்டு மாடுண்டு" என்றேன். வகுப்பே மேசையைத் தட்டிச் சிரித்தது. நமக்குப் பட்டி என்றால் மாடு அடைக்கிற இடம். அவர்களுக்குப் பட்டி என்றால் நாய். எங்கள் நாய்க்குள்ளே எட்டு மாடு இருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன். பின் பெஞ்சிலிருந்து ஒருவன், "எடா, எந்தொரு வலிய பட்டி!" என்றான். எவ்வளவு பெரிய நாய் என்று அர்த்தம். அன்றிலிருந்து எனக்கு அந்தக் கல்லூரியில் வலிய பட்டி என்றுதான் பேர். நான் வாயை மூடினேன். மூடியது மூடியதுதான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலைக்கு வரும்.

இரண்டாம் வருடத்தில்தான் லீனியர் ஆல்ஜீப்ரா. ஆரம்பித்த சார் மாற்றலாகிப் போய்விட்டார். பிறகு சமரம், நம் ஸ்டிரைக். கேரளத்தில் கல்லூரிச் சமரம் எப்படி நடக்கும் என்று கோயமுத்தூரில் படிக்கிற உனக்குத் தெரியாது. கொடி வரும், மணி அடிக்கும், எல்லோரும் வீட்டுக்குப் போவோம். எனக்கும் அப்போது சந்தோஷமாகத்தான் இருந்தது. பரீட்சைக்குப் பதினெட்டு வகுப்பு பாக்கி இருக்கும்போது தற்காலிகமாக ஒரு மிஸ்ஸைப் போட்டார்கள். ஷைலஜா மிஸ். சின்ன வயது. மத்தியானத்துக்கு மேல் இன்னொரு கல்லூரியிலும் அவருக்கு வகுப்பு. வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும்போதே பாடம் தொடங்கிவிடும்.

"ஸமயமில்லா, ஸமயமில்லா. எழுதிக்கோ."

ஒரு வருடப் பாடம், பதினெட்டு வகுப்பு. போர்டில் எழுதினால் நேரம் போகும் என்று கணக்கையே வாயால் சொல்லிவிடுவார். "ஆத்யத்தெ நிர: ஒந்நு, மூந்நு, ரெண்டு. ரெண்டாமத்தெ நிர..." என்று எண்களை அடுக்கிக்கொண்டே போவார். நான் மாடுகளை நினைத்துக்கொண்டு நிரையைக் குறுக்கே எழுதினேன். முதல் நிரை, இரண்டாம் நிரை, மூன்றாம் நிரை. தலையை நிமிர்த்தவில்லை. நிமிர்த்தினால் ஒரு நிரை போய்விடும்.

மலையாளத்தில் நிர என்றால் நெடுக்கே இறங்குவது என்று எனக்கு யார் சொன்னார்கள்? குறுக்கே போவதற்கு அவர்கள் வைத்திருக்கும் பேர் வரி. ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஒரு பாஷை படுக்க வைக்கிறது, இன்னொன்று நிற்க வைக்கிறது. நடுவில் ஒரு செக்போஸ்ட். இதற்கு நான் என்ன செய்ய?

தப்பு அன்றைக்கே தெரிந்திருந்தால் பிழைத்திருப்பேன். இந்தக் கணக்கு இருக்கிறதே, அது பெரிய கள்ளன். அணிக்கோவை என்று, அணியின் எண்களைப் பெருக்கிக் கூட்டிக் கழித்து ஒற்றை எண்ணாக எடுப்போம்; அணியைப் படுக்க வைத்தாலும் நிற்க வைத்தாலும் அதன் மதிப்பு மாறாது. தரம் என்று ஒன்று உண்டு, அதுவும் மாறாது. முதல் பத்து வகுப்பும் அவைதான். மிஸ் விடையைச் சொல்வார், என் நோட்டிலும் அதே விடை இருக்கும். ஒருநாள் அவர் என் நோட்டை எட்டிப் பார்த்து, விடைக்கு நேராக ஒரு டிக் போட்டுவிட்டுப் போனார். மேலே கணக்கு முழுவதும் புரண்டு கிடக்கிறது, கீழே சிவப்பு டிக். இதை யாரிடம் சொல்லி அழுவது?

பதினோராவது வகுப்பில் சமன்பாடுகள் வந்தன. அங்கே அணியைப் புரட்டினால் விடை புரண்டுவிடும். எல்லோருக்கும் எக்ஸ் இரண்டு என்றால் எனக்கு மட்டும் ஏழின் கீழ் பதினொன்று. எழுந்து ஒரு வார்த்தை, "மிஸ், நிர எந்நு வெச்சால் எந்தா?" என்று கேட்டிருந்தால் முடிந்தது. அதற்கு வாயைத் திறக்க வேண்டுமே! மறுபடி அந்தப் பின் பெஞ்ச் என்ன சொல்லுமோ என்று உட்கார்ந்தே இருந்தேன். கூட்டலில்தான் பிசகு என்று நினைத்து வீட்டில் ஒவ்வொரு கணக்கையும் நாலு தடவை போட்டேன். நாலு தடவையும் அதே ஏழின் கீழ் பதினொன்று.

எங்கப்பா, உங்கள் தாத்தா, வைக்கோல் உதறிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த வருசம் தேறு, மேல படி. தேறலீன்னா கட்டுத்தரைக்கு வந்துரு. ரெண்டுமில்லாம பஸ்ஸுல தொங்கீட்டுத் திரியாத" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் பயமாக இருந்தது. மற்ற பேப்பர்கள் எனக்குப் பயமில்லை. என் படிப்பு இந்த ஒரு பேப்பரில் தொங்கியது.

பரீட்சைக்கு இரண்டு நாள் முன்பு பஸ் ஸ்டாப்பில் ஸாஜன் என் நோட்டை வாங்கிப் புரட்டினான். ஒரு பக்கம், இன்னொரு பக்கம் பார்த்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான்.

"எடா பாண்டி, நீ இதெல்லாம் மறிச்சாணல்லோ எழுதியது! நிர குத்தனெயாடா. வரியாணு விலங்ஙனெ." பாண்டி என்றால் அங்கே தமிழன். எல்லாவற்றையும் புரட்டி எழுதியிருக்கிறாய், நிர செங்குத்து, வரிதான் குறுக்கு என்று கையை நிறுத்தியும் படுக்க வைத்தும் காட்டினான். பஸ் வந்தது. நான் ஏறவில்லை.

இரண்டு நாளில் நோட்டு முழுவதையும் திருப்பி எழுதினேன். நூற்றுச்சொச்சம் அணிகள். நிரையெல்லாம் நிரலாக, நிரலெல்லாம் நிரையாக. பால் கறக்கும்போதுகூட மனசுக்குள் திருப்பிக்கொண்டிருந்தேன். கை அதற்குப் பழகிவிட்டது. அதுதான் வினை. பரீட்சைத் தாளில் யாரும் வாயால் சொல்லவில்லை. எல்லாம் ஆங்கிலத்தில் அச்சடித்து, சரியாகத்தான் கொடுத்திருந்தார்கள். நான் சரியாக இருந்ததையும் திருப்பினேன். மூன்று பெரிய கணக்கையும் திருப்பினேன். பின்னமாக விடை வந்தபோதாவது உறைத்திருக்க வேண்டாமா? எனக்குத்தான் பின்னம் பழகிப் போயிருந்ததே!

வெளியே வந்ததும் ஸாஜன், "எத்ர கிட்டீடா?" என்று, எனக்கு வந்த விடையைக் கேட்டான். சொன்னேன். அவன் கடையில் நாரங்கா சோடா வாங்கி என் கையில் வைத்தான்.

அந்த ஒரு பேப்பர்தான் போனது. மறுபடி எழுதியிருக்கலாமே என்பாய். எழுதியிருக்கலாம். விண்ணப்பப் பாரம்கூட வாங்கி வைத்திருந்தேன். மாடு கன்று போட்டது, மழை வந்தது என்று ஊரில் காரணம் சொன்னேன். உங்களிடம் உண்மையைச் சொல்கிறேன். வலிய பட்டி என்று கூப்பிடும் அந்த வராந்தாவில் இன்னொரு தடவை நடக்க எனக்கு மனசில்லை. மிஸ் மேலும் தப்பில்லை, சொல் மேலும் தப்பில்லை. ஒரு கேள்வி கேட்காமல் உட்கார்ந்திருந்தவன் நான். இதை ஒப்புக்கொள்ள எனக்கு இத்தனை வருடமா? நினைத்தால் என்மேலேயே எரிச்சலாக வருகிறது.

செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடம் இப்போது இங்கிலீஷ் மீடியம். போன மாதம் அந்தப் பக்கம் போனபோது ஜன்னல் வழியாக "ரோ, காலம்" என்று கேட்டது. சின்னவனிடம் நிரை என்றால் என்ன என்று கேட்டேன். "ஃபோன்ல பாத்துச் சொல்றனுங்ப்பா" என்றான். பாலக்காட்டுப் பக்கமும் பிள்ளைகள் ரோ, காலம்தானாம். குறுக்கே போகிற நிரையும் இல்லை, நெடுக்கே இறங்குகிற நிரவும் இல்லை. நான் செய்த தப்பைச் செய்வதற்குக்கூட இனி ஓர் ஆள் கிடையாது.

இன்று காலை நீங்கள் இரண்டு பேரும் பஸ் ஏறிய பிறகு, சர்க்கரை டப்பாவுக்கு அடியில் நீ விட்டுப்போன தாளைப் பார்த்தேன். அதில் ஓர் அணி: ஒன்று, இரண்டு, சுழி; மூன்று, ஒன்று, நான்கு; இரண்டு, சுழி, ஒன்று. அதை எடுத்துக்கொண்டு கட்டுத்தரைக்குப் போனேன். மாடுகளுக்குச் சினை ஊசி போட்ட தேதி எழுதுகிற சுவரில், அதே சாக்பீஸால், அணிக்கோவை போட்டேன். பதினொன்று வந்தது. பக்கத்தில் அணியைத் திருப்பி எழுதிப் போட்டேன். அதுவும் பதினொன்று. செவலை கழுத்தைத் திருப்பிப் பார்த்தது.

இரண்டு அணிகளையும் உள்ளங்கையால் அழித்தேன். ஒரு பதினொன்றை மட்டும் விட்டுவிட்டேன். யாராவது கேட்டால் செவலைக்கு ஊசி போட்ட தேதி என்று சொல்லிக்கொள்ளலாம்.